படத்தில் மட்டும் நின்ற கார்

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் பினாங்கில், டத்தோ கிராமாட்டில் தனியாக வாடகை அறையில் இருக்கும் மேத்யூவின் வலது கையைப் போய்ப் பாருங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே தோல் உரிந்து கிடக்கும். இன்றைக்கும் அந்தக் கையால் அவன் சோறு தொடுவதில்லை. கரண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜார்ஜ் டவுனில் வருடத்துக்கு ஒரு நாள் அந்தத் தெருவில் வண்டி எதுவும் வராமல் அடைத்துவிட்டு விழா நடத்துவார்கள். நடுரோட்டில் கேரம் பலகை, கயிறாட்டம், ஜபருல்லாவின் பசெம்பூர் தின்பண்டக் கடை. படம் எடுப்பது மேத்யூ.

“தம்பி, படத்துல ஒரு காடி கூட தெரியக்கூடாது,” என்றாள் விழாவை நடத்தும் லோகேஸ்வரி. “பத்து மணிக்குள்ள கவுன்சிலுக்கு அனுப்பணும். காடி தெரிஞ்சா அடுத்த வருஷம் ஜாலான அடைக்க விடமாட்டாங்க லா. போன வருஷம் மாதிரி ஒண்ணு நின்னா உடனே சொல்லு, இழுத்துட்டுப் போகச் சொல்றேன்.”

“தெரு சுத்தமா இருக்குக்கா.”

8:20. முதல் படம். கேமரா திரையில், கயிறாடும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார்.

நிமிர்ந்து பார்த்தான். கார் இல்லை.

லென்ஸில் ஏதோ அழுக்கு. துணி எடுக்கப் பொறுமையில்லாமல் விரலாலேயே துடைத்தான். மஞ்சளாக, பிசுபிசுவென்று கொழுப்பு ஒட்டியது. அழுகிய இறால் நாற்றம்.

8:34. எதிர்ப்பக்கம் போய் எடுத்தான். அதே கார். இன்னும் கிட்டத்தில். பின் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாக எதுவோ மொய்த்தது... ஈ.

8:51. அந்தக் கண்ணாடியில் ஒரு கன்னம் அப்பியிருந்தது. அடுத்த படத்தில் கன்னம் விலகியிருந்தது. தோல் மட்டும் கண்ணாடியிலேயே...

கேமராவைத் திருப்பிப் பார்த்தான்.

லென்ஸைத் துடைத்தான். போகவில்லை.

கொழுப்பு இப்போது லென்ஸின் உள்பக்கம் இருந்தது.

டப்... டப்...

கேமராவுக்குள்ளிருந்து.

9:06. ஓடிப்போய் லோகேஸ்வரியிடம் நீட்டினான். “அக்கா... வெள்ளைக் காடி...”

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “எங்க காடி? ஒண்ணையும் காணோமே. அழகா இருக்கு தம்பி!” சட்டென்று மூக்கைப் பொத்தினாள். “சீ, கை என்ன இப்படி நாறுது? பெலாச்சான் எறா விழுதுல கைய விட்டியா?”

படங்கள் போயின. அடுத்த வருடத்துக்கு அனுமதியும் கிடைத்தது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் ஜபருல்லா வந்து நின்றார்.

“வெள்ளைக் காடின்னியே தம்பி... போன வருஷம் நீ காட்டிக் குடுத்தியே, அதுவா?”

“அதுக்கென்னண்ணே?”

“இழுத்துட்டுப் போற காடிய போட்டு வைக்கிற இடத்துலதான் என் மச்சானுக்கு வேலை. பதினோரு நாள் கழிச்சுத்தான் தொறந்தாங்களாம். பின் சீட்டுல ஒரு ஆளு. ராத்திரி வேலை முடிச்சுட்டுப் படுத்தவன். பக்கவாதம் வந்து வலது பக்கம் பூரா இழுத்துக்கிச்சு. இங்கருந்து கொண்டுபோறப்ப உயிரு இருந்துச்சாம்.”

“ஏன்ணே எங்கிட்ட சொல்லல?”

“உங்கிட்ட எப்படிப்பா சொல்றது?”

அறைக்குப் போனதும், காரை இழுக்கச் சொல்லிப் போன வருடம் லோகேஸ்வரிக்கு அனுப்பிய படத்தைத் தேடித் திறந்தான். காலை 7:10. பெரிதாக்கினான்.

கறுப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம், விரித்தபடி... ஓர் இடது கை.