முன்னாள் தலைவரின் மகள்

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். கடையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் பின்னால் போய் எந்த ஊர் என்று விசாரிக்கிற காலம். அந்தக் கொஞ்சப் பேருக்கும் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். இரண்டு வருடம் அந்தத் தலைவர் என் கணவர்.

ஊரில் அவர் இடதுசாரிக் கட்சிக்காரர். சங்கத்தில் அவர் பக்கம் பாதிப் பேர். மற்றப் பாதிப் பேர் தமிழ்க் கட்சிக்காரர். யாழ்ப்பாணத்தில் தங்களுக்குள் அடிபட்ட அந்த இரண்டு கட்சிகளுக்கும் நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வேலையும் இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குளிர்க் கோட்டை வாசலில் கழற்றி மாட்டினார்கள், கட்சியைக் கழற்றவில்லை.

அவருடைய நிர்வாகத்தைக் குசினியில் இருந்து பார்த்தவள் நான். நேரத்துக்கு ஒரு கூட்டமும் தொடங்கமாட்டார். வந்த தொலைபேசி அழைப்புக்குத் திருப்பி எடுக்கமாட்டார். ஆனால் ஒரு பாதிரியாரோடு பேசித் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைச் சங்கத்துக்கு எடுத்துத் தந்தவர் அவர்தான். இதில் எதையும் யாரும் பார்க்கவில்லை. வாக்குக்குக் கையை உயர்த்தும்போது பக்கத்தில் எவன் உயர்த்துகிறான் என்றுதான் பார்த்தார்கள்.

முதல் பொங்கலை அந்த மண்டபத்தில்தான் வைத்தோம். பால் பொங்கி மின்சார அடுப்பில் வழிந்து, புகை எழும்பி, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. மற்றப் பக்கத்து ஒருவர் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "சிலுவைக்குக் கீழ பிள்ளையார் படம் வைச்சா உப்பிடித்தான் நடக்கும். சிவப்புக் கட்சிக்காரனுக்குக் கோயில் தெரியுமோ?" எங்கள் பக்கத்து ஆட்களும் சளைக்கவில்லை. தீயணைப்புக்காரருக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்த தலைவர் என்று அதையும் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அடிப்பிடித்த பானையை உரஞ்சியவள் நான்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். புதுத் தலைவர் அதே மண்டபத்தில், அதே சிலுவைக்குக் கீழே, அதே படத்தை வைத்துப் பொங்கினார். இப்போது அது மத நல்லிணக்கம் ஆகிவிட்டது. பனி கொட்டி ஆட்கள் குறைந்தபோது, "இந்தக் குளிருக்கையும் இவ்வளவு சனம் வந்திருக்கு, அதுதான் தலைவரின்ர செல்வாக்கு" என்றார்கள். அதற்கு முதல் வருடம் பனி கொட்டியது எங்கள் வீட்டுக்காரரின் திறமையின்மை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது வகுப்பால்.

அவர் தலைவராக இருந்தபோது, சனிக்கிழமைக் காலையில் அந்த மண்டபத்தில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சீரியல் பெட்டி அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதி வைத்திருந்தேன். "பிள்ளையளுக்குச் சிவப்பு அரசியல் ஏத்துகினம்" என்று கதை கட்டினார்கள். 'அ'வுக்கு அம்மா என்று சொல்லிக்கொடுத்ததில் என்ன சிவப்பு அரசியல் கண்டார்களோ தெரியாது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றன. வகுப்பும் நின்றது. என் மகள் அப்போது மழலையில் இருந்தாள், எழுத்துக்கு வரவில்லை.

புதுத் தலைவர் வந்து, ரொறன்ரோவின் முதல் தமிழ் வகுப்பைத் தொடங்குவதாக அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. அதே சனிக்கிழமை, அதே மேசை, அலுமாரியில் நான் விட்டுவந்த அதே அட்டைகள். எனக்குக் கோபம் வந்ததுதான், ஆனால் மகளுக்கு அப்போது ஐந்து வயது. யார் தொடங்கினால் என்ன, அவள் படித்தால் போதும் என்று வீட்டில் சொன்னேன்.

"அவங்கட வகுப்புக்கு என்ர பிள்ளை போகாது" என்றார் அவர்.

"அது நான் படிப்பிச்ச வகுப்பு. உங்களுக்கு அதில என்ன பிழை?"

"உதெல்லாம் உமக்கு விளங்காது. அங்க துவேசத்தைத்தான் ஊட்டுகினம்."

ஒரு வருடத்துக்கு முன்பு இதே வகுப்பைத் தன் பெரிய சாதனை என்று மேடையில் சொன்ன மனுசன். அவருடைய சிநேகிதர்களும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

அவர் வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை மகளுக்குச் சப்பாத்து மாட்டி, பஸ் ஏறிக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தாய் நின்றாள். அவளுடைய மூத்த பிள்ளை என்னிடம் 'ஆ' வரை படித்து நின்றவன்.

"என்ன அக்கா, இந்தப் பக்கம்? வேவு பாக்க அண்ணை அனுப்பினவரோ?"

"பிள்ளையைச் சேர்க்க வந்தனான்."

"இடமில்லை அக்கா. கதிரை காணாது" என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரோடு மடித்துச் சாத்திய கதிரைகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே யாரோ என் அட்டை ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மகள் அதை எட்டிப் பார்த்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். பஸ் தரிப்பில் நின்று அழுதேன். குளிரில் கண்ணீர் கன்னத்தை எரித்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்தாள். வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் படிக்காததைத் தான் மட்டும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டாள். நன்றாகத் தமிழ் பேசுவாள், இன்றைக்கும்.

அவர் செத்த வருடம் சங்கத்தின் மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தார்கள். தமிழ் வளர்த்த தலைவர், பிள்ளைகளின் கையில் முதல் எழுத்தைக் கொடுத்தவர் என்று. எழுதியது எங்கள் பக்கத்து ஆள்தான். மகள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"அப்பாவைப் பற்றி என்ன போட்டிருக்கினம் அம்மா? ஒருக்கா வாசியுங்கோ" என்றாள்.

வாசித்துக் காட்டினேன்.