முனியாண்டி சாமியின் துப்பாக்கிக்குள் நான் பார்த்தது

முனி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் போனை நோண்ட ஆரம்பிக்கிற ஆள் நான். இதைச் சொன்னதும் நீங்களும் உங்கள் போனைத் தேடக்கூடும், பரவாயில்லை, நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. இயந்திரப் பாகங்களில் துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பதுதான் தினமும் செய்வது. வீட்டுக்கு வந்தால் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் படிப்பேன். எந்த நாட்டு முத்திரை, என்ன மரம், இன்று என்ன விலை போகும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அதுவரை ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. நம் நாட்டில் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் வருசக்கணக்கில் ஜெயில், கூடவே பிரம்படி என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் செல்வம் அண்ணன் கூப்பிட்டபோது என் குரலே மாறிவிட்டது. அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலின் தலைவர். அந்தக் கோயிலில் சாமியின் அரிவாளுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சாமிக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பேச்சு. திருவிழாவுக்குத் திருவிழா எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். அது சாமியின் ஆயுதம் என்பதைத் தவிர யாரும் வேறு எதையும் நினைத்ததில்லை. இப்போது தோட்டம் வீடு கட்ட விற்றாகிவிட்டது. நிலம் அளக்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "இது நிஜத் துப்பாக்கியா? போலீசுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான்.

"திங்கக்கிழம நானே பாலாய்ல கொண்டுபோய் ஒப்படைக்கப் போறேன் தம்பி," என்றார் அண்ணன். பாலாய் என்றால் எங்கள் பேச்சில் போலீஸ் நிலையம். "அதுக்கு முன்னாடி ஒன்னு தெரியணும். இது சுடுமா, சுடாதா? சுடும்னா என் கதை முடிஞ்சது லா."

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், காலை பத்து மணி இருக்கும். கோயிலைச் சுற்றி ஒரு மரம் இல்லை. ரப்பர் போய், அதற்குப் பிறகு வந்த செம்பனையும் போய், கண்ணுக்கெட்டிய வரை வெறும் சிவப்பு மண். அண்ணனின் மனைவி பத்மா அக்கா தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பையனா? மீசையே முளைக்கல, துப்பாக்கிக்கு டாக்டரா?"

"மீசை இருக்கறவன் யாருக்கும் இது தெரியாதுக்கா," என்றேன்.

சாமியின் பொருளை இறக்க உத்தரவு கேட்க வேண்டுமாம். ஒரு சுருட்டைப் பற்றவைத்து சாமி முன்னால் வைப்பார்கள். அது அணையாமல் கடைசிவரை எரிந்தால் உத்தரவு. அண்ணன் வைத்தார். எனக்கோ பொறுமை போதவில்லை. பாதி எரிந்ததுமே எட்டி எடுத்துவிட்டேன்.

என்ன கனம்! பிடிமரம் குழலின் முனைவரை ஓடியது. இரண்டு விசைகள், ஒன்றை இழுத்தால் மற்றது பூப்போல லேசாகிவிடும். பின்பக்கக் கைப்பிடி வெண்ணெய்க் கரண்டிபோலத் தட்டை. சந்தனத்தைத் துடைத்தேன், சிறகு விரித்த கழுகு முத்திரை தெரிந்தது. "அண்ணே, ஆஸ்திரியா! நூறு வருசத்துக்கு மேல இருக்கும்! குழல் சுத்தமா இருந்தா அந்த ஊர்ல இதுக்கு ஒரு புதுக் கார் வாங்கலாம்!"

"காரு கெடக்கட்டும். சுடுமா?"

கைப்பிடியைத் தூக்கி, குழலின் பின்வாயை மூடியிருந்த தண்டை அதோடு சேர்த்துப் பின்னால் இழுத்துக் கழற்றினேன். உள்ளே தோட்டா இல்லை. முனையை வாசல் பக்கம் நீட்டி, பின்பக்கம் கண்ணை வைத்தேன்.

குழல் சுத்தமாக இருந்தது. உள்ளே திருகாக வெட்டியிருந்த வரிகள் வெள்ளிபோல மின்னிச் சுழன்று போயின. அந்தக் கடைசியில், வாசலின் சிவப்பு மண் தெரிய வேண்டிய வட்டத்தில், ரப்பர் மரங்கள்.

நம்பினால் நம்புங்கள். நிரை நிரையாக மரங்கள், சாய்வாகச் சீவிய பட்டைகள், பால் பிடிக்கும் வெள்ளை மங்குகள், காலைப் பனி. சத்தமே இல்லை. பிறகு அந்த மரங்களுக்கு நடுவே ஒரு வெறுங்கால் மெதுவாக இறங்கி ஊன்றியது. மங்குகள் மனிதனின் இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கும் இல்லையா, அந்தக் காலின் கணுக்கால்தான் அந்த உயரத்துக்கு இருந்தது. ஒரு கிளைகூட ஆடவில்லை. அவசரமில்லாமல், தன் எல்லையைச் சுற்றி வருகிறவர் நடக்கிற நடை. அடுத்த கால் தூக்கும்போது என் இமையில் குளிர்ச்சியாக ஏதோ சொட்டியது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். இரண்டு கையையும் கூப்ப வேண்டும்போல இருந்தது, கையில் துப்பாக்கி இருந்ததால் முடியவில்லை.

"தம்பி! என்னடா ஆச்சு?"

"குழல்... ஓட்டையாத்தான் இருக்குண்ணே. அடைப்பே இல்ல."

அண்ணன் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் உள்ள போறேன்."

பத்மா அக்காதான் சுருட்டைக் காட்டினார். "இன்னும் எரியுது பாரு. கேட்டுட்டு, பதில் வரதுக்குள்ள எடுத்தா எப்படி? திரும்ப மாட்டுங்க."

மாட்டினோம். காத்திருந்தோம். சுருட்டு சாம்பல் உதிராமல் கடைசிவரை எரிந்தது. இந்தத் தடவை அண்ணனே இறக்கிக் கொடுத்தார். மறுபடி கண்ணை வைத்தேன்.

கும்மிருட்டு. விளக்கடித்தேன், குழலை அடைத்துக்கொண்டு மங்கலான சாம்பல் நிறத்தில் ஏதோ நின்றது. ஊதுபத்திக் குச்சியை இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் முட்டியது. முனையில் நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. ஈயம். யாரோ எப்போதோ காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள், விளிம்பில் துருவேறி இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. துளைக்குள் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், அதன் வழியாக ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட வர முடியாது.

"சுடாதுண்ணே," என்றேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் பாலாயிலும் அதையேதான் சொன்னார்கள். விசாரித்து எழுதிக்கொண்டு, துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விலை என்ன என்று பத்மா அக்கா இன்றும் கிண்டலாகக் கேட்பார். எந்தக் குழலுக்கு விலை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குனோங் ராபாட்டில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது வலது இமையில் மெல்லிய தோல் மாதிரி ஒன்று உரிந்து வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. ரப்பர் பால். காய்ந்தால் நாளாக ஆகப் பழுப்பாகிவிடும் என்பார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன், என் இமைமுடி ஒன்று அதில் ஒட்டியிருக்கிறது. இத்தனை மாதம் கழித்து இன்று காலைகூட எடுத்துப் பார்த்தேன். இன்னும் பால் வெள்ளை, இன்னும் ஈரம்.