பம்பூபிளாட்டில் நின்ற பயணிகள் பட்டியல்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, எதுவுமே தொலையாத நாளில், தொலைந்துபோனதாக வைத்துக்கொண்டு மீட்டுப் பார்ப்பது சுகுணாவின் வழக்கம்.

போர்ட் பிளேயர் படகுத்துறையில் ஹரிஹரன் நடத்தும் படகு டிக்கெட் ஆபீஸில் கணினி வேலை சுகுணாவுடையது. பயணிகளின் பெயர், இருக்கை எல்லாம் மும்பையிலுள்ள கிளவுட் டேட்டாபேஸில் இருக்கின்றன. பேக்கப்பும் அங்கேயே தானாக எடுக்கப்படுகிறது. எடுத்தால் போதுமா, எழும்புமா என்று பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி. அதனால் மாதந்தோறும் பேக்கப்பிலிருந்து புது டேட்டாபேஸ் ஒன்றை எழுப்பி, சரிபார்த்து, அழித்துவிடுவார். அசலுக்குச் சாத்தம் என்று பெயர், எழுப்பும் நகலுக்குப் பம்பூபிளாட்; இரண்டும் துறைமுகத்தின் இரு கரைகளிலுள்ள ஃபெரித் துறைகள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து அக்கரைப் பம்பூபிளாட்டுக்குக் குடிவந்த குடும்பம் அவருடையது. கல்லூரி நாட்களில் தினமும் இக்கரைச் சாத்தத்துக்கு ஃபெரி ஏறியவர்.

"அக்கா அக்கரைக்குப் போயாச்சு" என்று இந்த ஒத்திகை நடக்கும்போதெல்லாம் டிக்கெட் கவுண்டரிலிருந்து யோகராஜ் கிண்டலடிப்பான்.

போன ஜூன் தொடக்கத்தில், முதல் திங்கள் வருவதற்கு முன் ஒரு வியாழன். முதல் நாள் கடல் சரியில்லாமல் ரங்கத் ஊருக்குப் போகும் படகு ரத்தாகி, அத்தனை பேரும் அன்று பன்னிரண்டு மணிப் படகுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். பழைய பயணத்தை நீக்கப்போன யோகராஜ் புதியதை நீக்கிவிட்டான். நூற்று எண்பத்து நான்கு பெயர்கள் காணோம். துறைமுக அதிகாரிகளிடம் பயணிகள் லிஸ்ட் கொடுக்காமல் படகு கிளம்பாது.

"அக்கா, நான் செத்தேன்."

"செத்தா லிஸ்ட் வராது. எத்தனை மணிக்கு அமுக்கின, அதச் சொல்லு."

"பத்து பன்னெண்டு."

கவுண்டருக்கு முன்னால் பொன்னம்மா என்ற பயணி சத்தம் போட்டார்: "நாளைக்குக் காலையில பேத்திக்குக் காதுகுத்து. கம்மல் எங்கிட்ட இருக்கு, தாய்மாமன் இந்தா நிக்கிறான். ரெண்டு பேரும் இங்கயே நின்னா அங்க யாரு குத்துறது?"

"அரே பாய், ஜல்தி கரோ!" என்று பின்வரிசை இந்தியில் அவசரப்படுத்தியது.

ஹரிஹரன் ஓடி வந்தார். "ஏம்மா, நம்ம நெட்டுல இதெல்லாம் எப்ப எறங்கி முடியும்?"

"ஒண்ணும் இங்க எறங்காது சார். மும்பையில கெடக்கு, மும்பையிலயே எழும்பும். நாம நேரத்த மட்டும் சொன்னா போதும்."

பேக்கப்பிலிருந்து 10.11 மணி நிலையை எழுப்பும்படி கணினியில் கட்டளை கொடுத்தார் சுகுணா. அரை மணி நேரத்தில் பம்பூபிளாட் தயார். யோகராஜ் திரையைப் பார்த்தான். காலி.

"வரலையேக்கா!"

சுகுணா சிரித்துவிட்டார். "ஆளெல்லாம் பம்பூபிளாட்ல நிக்கிறாங்க. நீ சாத்தத்துல நின்னு கூப்பிட்டா?"

மீட்டது பழையதன்மேல் போய் உட்காராது. புது முகவரியில் தனியாக நிற்கும். டிக்கெட் மென்பொருளில் இருந்த பழைய முகவரியை எடுத்துவிட்டு இந்தப் புதியதைப் போட்டார். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. 10.12க்குப் பிறகு வேறொரு படகுக்கு விற்ற மூன்று டிக்கெட்டுகள் மட்டும் சாத்தத்திலேயே தங்கியிருந்தன. அவற்றைக் கையால் சேர்த்தார்.

11.40க்கு லிஸ்ட் அச்சானது. 12.05க்குப் படகு நகர்ந்தது. மேல்தளத்திலிருந்து யோகராஜைப் பார்த்துப் பொன்னம்மா கத்தினார்: "காதுகுத்து முடிச்சிட்டு வர்றேன் தம்பி, ஒங்காதுக்கும் ஒரு திருகு இருக்கு!"

ஹரிஹரன் நெற்றியைத் துடைத்தார். "இந்த மாச ஒத்திகை முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாமா?"

"இல்ல சார். இப்ப அசலே பம்பூபிளாட்தான். திங்கக்கிழமை இதோட பேக்கப்புலேருந்து சாத்தத்தப் புதுசா எழுப்பணும், போன ஃபெரி திரும்பி வரணும்ல" என்ற சுகுணா, கவுண்டர் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவ அக்கரைக்குப் போறது யோகராஜ்."