இணையப் பக்கத்தில் நான் எழுதிய ஒரு வரி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பொருள்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்த்திருந்தேன். பொருளாதாரச் சரிவில் ஆட்களைக் குறைத்தபோது என் பெயரும் பட்டியலில் வந்துவிட்டது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் இப்படி ஒரு தொழில் இருப்பது தெரிந்தது. நாமே ஓர் இணையப் பக்கம் வைத்து, வெளிநாட்டு நிறுவனங்களின் பொருள்களைப் பற்றி எழுத வேண்டும். நம் பக்கம் வழியாகப் போய் யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன். கடையும் வேண்டாம், சரக்கும் வேண்டாம். எனக்கென்றே வந்த வேலை மாதிரி இருந்தது.

ஆரம்பத்தில் கைக்கடிகாரம், சமையல் பாத்திரம், பொம்மை என்று கண்டதையெல்லாம் போட்டேன். மூன்று மாதமாகியும் ஒருவர்கூட வாங்கவில்லை. கூடப் படித்த பெண் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் எல்லாத்தையும் வித்தா எப்படிக்கா? பெரிய கடைக்குத்தான் போவாங்க. சின்னதா ஒரு கூட்டத்தப் பிடிங்க. அவங்களுக்கு இங்க கிடைக்காததப் போடுங்க" என்றாள்.

யோசித்து யோசித்து ஒரு நோட்டில் எழுதினேன். மீன் வளர்ப்பவர்கள், இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள்... எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஒரு நாள் கிளினிக்கில் காத்திருந்தபோதுதான் கவனித்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கால் மரத்துப் போவதையும், புண் ஆறாமல் கிடப்பதையும் பற்றியே பேச்சு. அவர்களுக்கென்றே மெத்தென்று செய்த சப்பாத்து, அதாவது ஷூ, வெளிநாட்டில் விற்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அதை விற்ற மூன்று நிறுவனங்களில் எதை முதலில் போடுவது என்று வந்தபோது, அதிகக் கமிஷன் தருவதைத்தான் போட்டேன். அந்தச் சப்பாத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நிறுவனம் எழுதியிருந்ததையே கொஞ்சம் மாற்றி எழுதினேன். அது வெறும் விளம்பரமாகத் தெரிந்ததால், கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: "எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஆறு மாதமாக இதைத்தான் போடுகிறார். காலில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை."

அப்படி ஓர் அக்கா கிடையாது.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாலைந்து ஜோடி விற்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், தன் அக்காவுக்கு அந்தச் சப்பாத்தை வாங்கிக் கொடுத்ததாகவும், அக்கா என்னை நேரில் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, அவர்களை வரச் சொல்லியிருந்த ஒட்டுக்கடைக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சாலையோரத் தேநீர்க் கடைக்கு, போனேன்.

அந்த அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவர். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். இடது காலில் பெரிய கட்டு.

உட்கார்ந்ததும் தம்பி பையிலிருந்து சப்பாத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "உள்ள விரல விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். சுண்டுவிரல் வரும் இடத்தில் தையல் தடித்துக்கொண்டு நின்றது. பதினொரு வருடம் சோதனை வேலை பார்த்த கைக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. என் கைக்கு ஒரு ஜோடி வந்திருந்தால் அதைத் தள்ளி வைத்திருப்பேன்.

"அக்காவுக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. நாலு நாளா உராஞ்சிருக்கு, அவங்களுக்குத் தெரியல. காலுறையில ரத்தத்தப் பாத்துத்தான் தூக்கிட்டு ஓடினோம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரல எடுத்திருப்பாங்களாம்" என்றார் தம்பி.

திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அக்கா தம்பியின் கையைத் தட்டி அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல தங்கச்சி. உங்க பக்கத்து வீட்டு அக்கா இதத்தானே போடறாங்கன்னு எழுதியிருந்தீங்க? அவங்க கால் எப்படி இருக்கு? ஃபோன்ல சொன்னா சரியா விளங்காது. அவங்க வீட்டக் காட்டுங்க, நானே இந்தத் தையல எடுத்துக் காட்டிட்டுப் போறேன். அவங்களுக்கும் வலி தெரியாதுல்ல."

கட்டுப் போட்ட காலோடு காப்பாரிலிருந்து அவர் வந்தது, நான் கற்பனையில் படைத்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காக.

அவங்க ஊருக்குப் போயிருக்காங்க என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "அப்படி யாரும் இல்லக்கா. நான் சும்மா எழுதினேன்" என்றேன்.

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சாலையோரம் போய் நின்றுகொண்டார். அக்கா என் கையிலிருந்த சப்பாத்தை வாங்கிப் பையில் வைத்தார். முன்னால் இருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப நல்லது லா. ஒரு கால் தப்பிச்சிருச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை, கோபிக்கவும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "அந்த வரிய எடுத்துருங்க. வேணும்னா என்னப் பத்தி எழுதுங்க. நான் நெசமாவே இருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அழித்தேன். அதே இடத்தில், காப்பார் அக்காவுக்கு நடந்ததையும், நான் பொய் எழுதியதையும் அப்படியே எழுதினேன். ஏற்கனவே வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அந்தச் சப்பாத்தைப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டேன். அதன் பிறகு எந்தச் சப்பாத்தாக இருந்தாலும் ஒரு ஜோடியை வரவழைத்து, கைவிட்டுப் பார்த்து, காப்பாருக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே அதைப் பற்றி எழுதினேன். அவர் வேண்டாமென்று ஒதுக்கியவைதான் அதிகம். பெரிய வருமானம் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அக்காவின் புண் ஆற மூன்று மாதம் ஆனது. அவர் தம்பி என்னிடம் சிரித்துப் பேச அதைவிட அதிக நாளானது.

இன்றைக்கும் யாராவது ஒரு பொருளைப் பற்றிக் கேட்கும்போது, நான் "நல்லா இருக்கும், வாங்குங்க" என்று சொல்ல வாயெடுத்தால், என் சொல்லை நம்பி அதில் கால் வைக்கப்போகிறவர் நிஜமான ஒரு மனுஷி என்ற நினைப்பு வந்து, ஒரு நொடி என்னை நிறுத்திவிடுகிறது.