முதல் நாள் தேர்வில் தோற்பது எப்படி

கிடேகா இதுவரை வாங்கிய கணினிப் பயிற்சிச் சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் குலு பேருந்து நிலையத்தின் கூரையைத் தொடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது மிகை. பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி உயரம்தான் வரும்.

ஏழு வருடமாக அவனுக்கு அதுதான் பிழைப்பு. காலையில் குளித்துவிட்டு, போன பயிற்சியில் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய பயிற்சியில் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்தப் பயிற்சிக்குப் புறப்படுவான். அவன் வீட்டு ஜன்னலுக்குத் துணித் திரை கிடையாது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைகளை நெருக்கமாகத் தொங்கவிட்டிருந்தான். காற்றடித்தால் அத்தனை அட்டையிலிருந்தும் அவன் முகமே திரும்பித் திரும்பிச் சிரிக்கும். வீட்டுக்கு வந்த ஒரு திருடன் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்து, கொண்டுவந்த கடப்பாரையையும் போட்டுவிட்டு ஓடினான் என்பார்கள். கடப்பாரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குலு இருக்கும் உகாண்டாவின் வடக்குப் பகுதியில் சண்டை ஓய்ந்த பிறகும், உதவி செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போகவே இல்லை. முதலில் போர்வை கொடுத்தார்கள். பிறகு கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். குஞ்சுகளை வளர்த்துத் தின்று முடித்ததும் கணினி அறிவு கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தின்று தீர்க்க முடியாது என்பதால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு பயிற்சியின் கடைசி நாளிலும் வெயிலில் மூக்கு சிவந்த ஒருவர் மேடையேறி, உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பார். காத்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். எந்த நிறுத்தத்தில் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

இப்படியே காலம் போயிருக்கும், கிடேகாவும் கவலைப்பட்டிருக்க மாட்டான். ஆனால் அவன் லன்யேரோவைக் காதலித்தான். அவள் அபலோவின் மகள். குலுவில் எந்தப் பயிற்சி நடந்தாலும் மதியச் சாப்பாடு அபலோவின் பானையிலிருந்துதான். அம்மா சமைப்பாள், மகள் தேநீர்க் குடுவையோடு வரிசை வரிசையாக வருவாள். கிடேகா அந்தக் குடுவைக்காகவே ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேநீர் குடித்தான்.

அவனுடைய சித்தப்பா பெண் கேட்கப் போனபோது அபலோ அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே பேசினாள்.

“ஏழு வருஷமா உங்க பையனுக்கு நான்தானே சோறு போடறேன்? மருமகனாக்கிட்டுத்தான் போடணுமா?”

சித்தப்பா, பையன் கெட்டிக்காரன், நிறையப் படித்தவன் என்றாராம். எதற்குப் படிக்கிறான் என்று அபலோ கேட்டாள். வேலைக்கு என்றார் அவர். எந்த வேலைக்கு என்றாள். சித்தப்பா தண்ணீரைக் குடித்தார். பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் மாட்டையும் அபலோ கேட்கவில்லை, ஆட்டையும் கேட்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் வேலைக்குப் போகிற ஆள் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டாள். லிரா நகரத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவன் வேறு பெண் கேட்டுச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். ஈஸ்டருக்குள் அவனுக்குப் பதில் சொல்வதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில்தான் ‘நாளைய விரல்கள்’ வந்தது.

இதுவும் பயிற்சிதான். ஆனால் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஒரு நிறுவனமும் வந்திருந்தது. வெளிநாட்டில் ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் கார்களுக்குக் கண் திறந்துவிடுவது அதன் தொழில். தெருப் படங்களைக் கணினியில் பார்த்து, இது லாரி, இது மனிதன், இது மரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுத வேண்டும். லட்சம் படம் பார்த்தபின் காருக்குப் புத்தி வருமாம். நாற்பது பேருக்கு வேலை. கட்டடம் பிடித்தாகிவிட்டது, ஜெனரேட்டர் இறங்கிவிட்டது, நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு அடுக்கியிருப்பதை கிடேகாவே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தான். ஏழு வருடத்தில் அவன் ஒரு வேலையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

ஆகவே அவன் தனக்கு மிக நன்றாகத் தெரிந்ததைச் செய்ய முடிவு செய்தான். முதல் நாள் தோற்பது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எந்தப் பயிற்சியிலும் முதல் நாள் ஒரு தேர்வு வைப்பார்கள். கடைசி நாள் அதையே மறுபடி வைப்பார்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பயிற்சியின் வெற்றி. அந்தத் தூரத்தைப் படமாக வரைந்து கடல் கடந்து அனுப்பினால் அடுத்த வருடத்துக்குப் பணம் வரும். முதல் நாளே எல்லாம் தெரிந்தவனாக வந்து உட்கார்ந்தால் தூரத்துக்கு எங்கே போவார்கள் பாவம்? விருந்துக்கு அழைத்த வீட்டில் போய், சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று ஏப்பம் விடுவது போல அல்லவா அது? எனவே குலு இளைஞர்கள் மரியாதையாகத் தோற்பார்கள். நடத்துகிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

கிடேகா இதில் மன்னன். எதையும் எழுதாமல் விடுவது சோம்பேறித் தோல்வி என்பான். முழுப் பூஜ்யம் சந்தேகத்தைக் கிளப்பும் என்பான். யார் அதிக தூரம் ஏறுகிறார்களோ அவர்களைத்தானே நிறுவனம் எடுக்கும், அதனால் கிணற்றின் அடியிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம் என்று கணக்குப் போட்டான். நல்ல மனசுக்காரன், கணக்கைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சப்பாத்திக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சிக்குப் பெயர் கொடுத்த எல்லோருக்கும் பாடம் எடுத்தான். மவுஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், குஞ்சு பறந்துவிடுமோ என்கிற மாதிரி. திரை அணைந்தால் கைகூப்ப வேண்டும். ஒரு புதுப் பையன் மட்டும், இது பொய் இல்லையா என்று கேட்டான்.

“பொய் இல்ல தம்பி. அடக்கம்” என்றான் கிடேகா.

தேர்வு தேவாலயக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் கம்பாலாவிலிருந்து வந்த நாக்யான்சி அம்மையார். நடக்கும்போதே கைதட்டிக்கொண்டு நடப்பவர். நிறுவனத்தின் சார்பில் நைரோபியிலிருந்து முட்டிண்டா என்று ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. மின்சாரம் சரிசெய்ய வந்தவர் என்றே பலர் நினைத்தார்கள்.

பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்பும் புகைப்படத்தில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டுமென்று நாக்யான்சிக்கு உத்தரவு. எண்ணிப் பார்த்தால் ஒரு பெண் குறைந்தது. சட்டென்று லன்யேரோவின் கையிலிருந்த குடுவையை வாங்கி வைத்துவிட்டு அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்.

கிடேகா பதறிப்போனான். இவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லையே! எதிர் வரிசையிலிருந்து கண்ணை உருட்டினான், புருவத்தை ஏற்றி இறக்கினான், தலையை இடமும் வலமும் ஆட்டினான். லன்யேரோ ஒரு தடவை பார்த்தாள், வெட்கத்தோடு குனிந்துகொண்டாள், பிறகு நிமிரவே இல்லை.

திரையில் ஒரு தெருப் படம் வந்தது. மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், மூன்றாமவர் மடியில் ஓர் ஆடு. கிடேகா தன் கலையைக் காட்டினான். வானத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு ‘பேருந்து’ என்று எழுதினான். ஓட்டுகிறவருக்கு ‘மரம்’. ஆட்டைச் சுற்றி மிகுந்த கவனத்தோடு கட்டம் போட்டு ‘போக்குவரத்துப் போலீஸ்காரர்’ என்று எழுதினான். நம்பும்படி இருக்கட்டுமென்று ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் சரியாகப் போட்டான். நூற்றுக்கு மூன்று.

மதியச் சாப்பாடு முடிந்து, களியும் பீன்ஸும் வயிற்றில் இறங்கி, எல்லோரும் கண் செருகிக்கொண்டிருந்த நேரம். கடைசி வரிசைக்காரர் எழுந்து முன்னால் வந்தார்.

“மன்னிக்கணும், உங்க தூக்கத்தைக் கெடுக்கறேன்” என்றார் முட்டிண்டா. “நான் மூணு நாட்டுல ஆள் எடுத்திருக்கேன். பயிற்சி முடியற அன்னிக்கு எல்லாருமே எண்பத்தாறு மார்க் வாங்கறாங்க. வேலையில வந்து உக்காந்தா லாரி எது, விளக்குக் கம்பம் எதுன்னு தெரியல. அதனால கடைசி நாள் மார்க்கை நான் நம்பறதே இல்ல. முதல் நாள் மார்க்குலதான் ஆள் எடுப்பேன். காலையில எழுதினீங்களே, அதுதான் வேலைக்கான தேர்வு.”

செருகியிருந்த கண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

தேறியவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் கிட்கும் என்ற ஊரிலிருந்து வரும் பேருந்து தாமதமானதால் சப்பாத்திக் கடைப் பாடத்தைத் தவறவிட்டவர்கள். மூன்றாவது லன்யேரோ. அவளுக்குப் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஆட்டை ஆடு என்று எழுதியிருந்தாள். விட்டுப்போனது, கோணல்மாணலாகப் போட்டது எல்லாம் போக அறுபத்தொன்று.

கிடேகா முட்டிண்டாவின் பின்னால் ஓடினான். இன்னொரு தடவை எழுதவிடுங்கள் என்று கெஞ்சினான். மனிதர் இரக்கமுள்ளவர், அதே படத்தைத் திறந்து கொடுத்தார். கிடேகாவின் விரல்கள் பறந்தன. ஆட்டின் கழுத்துக் கயிற்றுக்குக்கூடத் தனிக் கட்டம். தொண்ணூற்றேழு.

முட்டிண்டா திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“காலையில இந்த ஆட்டைப் போலீஸ்காரர்னு போட்டீங்க.”

“ஆமா சார்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான் சார். எனக்கு எல்லாம் தெரியும்.”

“அதுதான் பயமா இருக்கு” என்றார் அவர். “ஆடு தெரியாதவனுக்கு ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடலாம். தெரிஞ்சுகிட்டே ஆட்டைப் போலீஸ்காரர்னு சொல்றவரை நம்பி நான் எப்படிங்க ஒரு காரை ரோட்டுல விடறது?”

மீதி முப்பத்தேழு பேரை லிராவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். அந்தக் காருக்கு ஓட்டுநர் இருந்தார்.

இந்தத் துக்கத்தில் ஒருவருக்கு மட்டும் திருவிழா. கைதட்டிக்கொண்டே வந்த நாக்யான்சி, தொண்ணூற்றேழைப் பார்த்ததும் தட்டுவதையே மறந்து நின்றுவிட்டார். மூன்றிலிருந்து தொண்ணூற்றேழு! அதுவும் காலைக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில்! ஆப்பிரிக்காவில் எந்தத் திட்டம் இப்படிக் காட்டியிருக்கிறது? கிடேகாவைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். நடுவில் தனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்று அவன் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். அதுதான் தங்கள் பயிற்சி முறையின் சிறப்பே என்று அதையும் குறித்துக்கொண்டார். மறுவாரம் அவன் முகம் ஓர் ஆள் உயரத்துக்குத் தேவாலயக் கூடத்தின் வாசலில் தொங்கியது. அதற்கு அவனுக்குக் கிடைத்தது இன்னொரு சட்டை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு, அவனிடம் பாடம் கேட்ட அத்தனை பேரும் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நன்றி சொல்வதற்காக அல்ல. கிடேகா கூடத்தின் பின்பக்கம் போய் அபலோவின் பானைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டான். அங்கே அம்மாவும் மகளும் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் அப்படிக் கண்ணை உருட்டினே?” என்று கேட்டாள் லன்யேரோ.

“தப்பா எழுதுன்னு சொன்னேன்.”

“அதுக்கா? நான் வேற என்னமோன்னு நினைச்சு, படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்ல.”

அபலோ திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மகள் வேலைக்குச் சேரும் திங்கட்கிழமையிலிருந்து குடுவை தூக்கப்போவது யார், வெங்காயம் உரிக்கப்போவது யார் என்கிற யோசனையில் இருந்தாள். லன்யேரோ கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“லிராக்காரருக்கு வேண்டாம்னு பதில் சொல்லிடும்மா. வேலைக்குப் போற ஆள் ஒண்ணு வேணும்னு சொன்னே. ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளாத்தான் இருக்கணும்னு நீ சொல்லவே இல்லையே.”

அபலோவின் வாய் திறந்தது, மூடியது. சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது தடவை வந்து நின்ற மாவட்ட அதிகாரியையே பேசித் திருப்பியனுப்பிய வாய் அது. பானைகளுக்குப் பின்னால் தெரிந்த தலையை அளந்து பார்த்தாள்.

“சரி” என்றாள் கடைசியில். “திங்கக்கிழமை விடியறதுக்குள்ள அடுப்புக்கு வரச் சொல்லு. இங்க முதல் நாள் தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, சட்டை கிடையாது, வந்து போற காசும் கிடையாது.”

தலை மெல்ல மேலே வந்தது.

“மதியச் சாப்பாடு உண்டாம்மா?”

“அதை ஆக்கப்போறதே நீதானடா” என்றாள் அபலோ.