வாசலுக்கு வெளியே ஒரு செம்பு தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை மாலை கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் பால் இல்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாகத்தான் போனேன். சாதாரணமாகத் திரும்பி வரவில்லை.

ஏன் போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவுக்குத் திடீரென்று பரம்பரை தேவைப்பட்டது. அறுபது வயதில் மற்றவர்களுக்கு பிரஷர் வரும், சுகர் வரும் — அண்ணாவுக்குப் பரம்பரை வந்தது. காரணம், அவருடைய ஒரே மகள் மது. அவள் கட்ட விரும்பும் பையனின் குடும்பம் ஹட்டனில் இருந்து கனடா போனது. அப்பப்பா, அப்பம்மா எல்லாரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அண்ணா கொதித்துப்போக அது போதாதா?

"அவை இந்தியாவில இருந்து கூலிக்கு வந்த ஆக்கள். நாங்கள் ஆர் எண்டு அவளுக்குக் காட்டோணும். நீ கொழும்பில சும்மாதானே இருக்கிறாய், கந்தப்பற்ற கதையை ஒருக்கா விசாரி."

சும்மா! வாராவாரம் உங்களுக்காக இந்தப் பத்தியை எழுத மண்டையை உடைத்துக்கொள்வது அவருக்குச் சும்மா.

கந்தப்பர் எங்கள் பூட்டனாரின் தகப்பன். வெள்ளைக்காரன் காலத்தில், மன்னாரில் இருந்து கண்டிக்குப் போகும் பழைய பாதையோரம் நெல் விதைத்த கமக்காரர். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவருடைய மூத்த மகனின் வழியில் ரவீந்திரன் என்று ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருப்பதை அண்ணாவே பேஸ்புக்கில் கண்டுபிடித்தார். ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் சூப்பர்வைசர். நான் வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

பரம்பரை தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு ராஜாவை எதிர்பார்க்கிறார்கள். குறைந்தபட்சம் ஒரு உடையாரையாவது!

ரவியும் மனைவி சுமதியும் அன்பாகத்தான் கதைத்தார்கள். ஆனால் வெளிச்சம் மங்கியதும் சுமதி எழுந்து போய் முன்கதவைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தையும் வைத்தார்.

"கள்ளர் பயமோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா," என்றார் ரவி. "வெள்ளிக்கிழமை பொழுதுபட்டா நாங்கள் கதவு திறக்கிறேல்லை. ஆர் தட்டினாலும்."

"எங்கட வீட்டில வேற மாதிரி," என்றேன். "வெள்ளிக்கிழமை பொழுதுபட வாசலுக்கு வெளியில ஒரு செம்பு தண்ணி வைப்பம். பேய் உள்ளுக்கு வராம இருக்க எண்டு அம்மா சொல்லுவா."

வெள்ளவத்தையில் என் ஆறாம் மாடி ஃபிளாட்டிலும் அதை விடாமல் வைக்கிறேன். விடியப் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். எங்கள் மாடியில் பூனை இல்லை...

ரவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அது பேய்க்கு இல்லையக்கா. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அவர் சொன்னார். வாந்திபேதி பரவிய காலம். இந்தியாவில் இருந்து மன்னாரில் வந்திறங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனவர்கள் பாதையோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம், கைக்குழந்தையோடு ஒரு பெண் கந்தப்பரின் வேலிப் படலையைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். நோய் தொற்றிவிடும் என்று கந்தப்பர் திறக்கவில்லை. வீட்டில் மற்றவர்களைத் திறக்க விடவும் இல்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். விடியும்போது அவள் செத்துக் கிடந்தாள், பிள்ளைக்கு உயிர் இருந்தது. கந்தப்பரின் மனைவி அதைத் தூக்கி வந்து தன் இளைய மகனாக வளர்த்தார்.

"அந்தப் பிள்ளைதான் உங்கட பூட்டன். வளர்ந்து தனிக்குடித்தனம் போனதும், தாய்க்கு எண்டு தண்ணி வைக்கத் தொடங்கினவராம். நாங்கள் கந்தப்பற்ற ரத்தம்... கதவைத் திறக்க எங்களுக்கு இண்டைக்கும் பயம்."

எங்களைப் பெற்றவள் அவள்! அவளைப் பேய் என்று சொல்லி, இத்தனை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

போன் அடித்தது. அண்ணா. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நாங்களும்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு குரல் இறுகியது. "மதுவுக்கு வாயே திறக்காதை. உன்ர பேப்பரிலயும் எழுதாதை."

வைத்துவிட்டார். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பலமாக இல்லை. சுமதி டீவியை நிறுத்தினார். ரவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் தட்டல் — இந்தத் தடவை கதவின் கீழ்ப்பக்கத்தில், நிற்க முடியாத ஒருவர் உட்கார்ந்துகொண்டு தட்டுவது போல.

நான் எழுந்தேன்.

"அக்கா, வேண்டாம்!"

"நீங்கள் திறக்க வேண்டாம் ரவி. நான் அவவின்ர ஆள்."

பயமாக இருந்ததா? இருந்தது. சட்டத்தை எடுத்து, கொண்டியைத் தள்ளி, கதவைத் திறந்தேன். வெளியே ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.

அண்ணா கோபிக்கட்டும். இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் முன்பே மதுவுக்குப் போய்விட்டது.