வண்டிக்கு வைத்த கரும்பும் என் கடைவாய்ப் பல்லும்

போன பொங்கலன்று, திருவட்டாறுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. காற்றில் வாழை சாய்ந்துபோன துண்டு நிலத்தில் ஒரு புதுரகக் கரும்பு நட்டிருந்தேன். நடுவதற்கான கரும்புத் துண்டை, கரணையை, தந்தது என் மனைவியின் தம்பி. திருநெல்வேலிப் பக்கம் ஆலைக்குக் கரும்பு போடுகிறவன். "தண்ணி கொறச்சு போதும் அத்தான். நல்லா வந்தா அடுத்த நடவுக்கு விதைக்கரணை உங்கள்ட்டதான்" என்றிருந்தான்.

நமக்குக் கரும்பென்றால் பொங்கல் கரும்புதானே. ஆளுயரத்துக்கு மேல் நின்ற பயிரைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "இந்த வருசம் ஒருத்தரும் கரும்பு வாங்கண்டாம்" என்று சொல்லி, தெருவில் வீட்டுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்தேன்.

பால் பொங்கியதும் ஒரு துண்டைக் கடித்தேன். 'டக்' என்றது. கரும்பு அப்படியே இருந்தது; என் கடைவாய்ப் பல் பாதியைக் காணோம். இனிப்பும் பேருக்குத்தான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "மூங்கில வெட்டி கரும்புன்னு தந்தீராக்கும்? எனக்க பல்லுசெட்டு அதுலயே மாட்டிக்கிட்டு நிக்கு வே."

பயிருக்கு ஏதோ நோய், மச்சான் ஏமாற்றிவிட்டான், நாளைக்குத் தெருவே பொக்கைவாயோடு என் வாசலில் நிற்கப்போகிறது. இப்படியே போனது புத்தி. மண்வெட்டியோடு ஓடி ஒரு வரிசையை வேரோடு தோண்டிப் போட்டேன். பின்னாலேயே வந்த மனைவி, "தம்பி இப்பம் பொங்கப்படி கொண்டு வருவான். அவன்ட்ட கேட்டுட்டு தோண்டப்பிடாதா?" என்றாள். பயம் வந்தால் எனக்குக் காது கேட்காது.

இரண்டாவது வரிசையைத் தொடும்போது மச்சான் வந்துவிட்டான். சீரோடு இரண்டு கறுப்புக் கரும்பும் தோளில் இருந்தன.

"இது கடிச்சுத் தின்ன உள்ளதா அத்தான்? நார் கூடுன ரகமாக்கும். சாறுல எத்தனால் எடுத்து பெட்ரோல்ல சேப்பாங்க, சக்கைய எரிச்சு ஆலைய ஓட்டுவாங்க. தோகைய கொளுத்தாம நிலத்துலயே போட்டா ஈரம் நிக்கும், புகையும் இல்ல. உங்க ஸ்கூட்டர் குடிக்க உள்ளத நீங்க கடிச்சிருக்கேளே."

பிறகு தோண்டிக் கிடந்ததைப் பார்த்துக் குரல் தணிந்தான். "வெட்டுனா திரும்பத் தழைக்கும். கட்டையையே தோண்டினா எங்க தழைக்க?"

தெருவுக்காக வெட்டிய கட்டைகளெல்லாம் தழைத்துவிட்டன. வெட்டாமல் நின்றதில் மச்சான் விதைக்கரணை எடுத்துப் போனான். பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் என் நாக்கு தானாக அந்த உடைந்த பல்லைத் தடவிக்கொள்கிறது. தோண்டிய வரிசையில் மட்டும் இன்றுவரை நான் எதையும் நடவில்லை. எதற்காவது பதறி மண்வெட்டியைத் தேடும்போது, போய் நின்று பார்க்க எனக்கு அந்த வெற்றிடம் வேண்டியிருக்கிறது.